வில்வக் குடுக்கையில் ஒரு வளவு

போன வருஷம் ஆபீஸுக்கு எனக்கு ஒரு பார்சல் வந்தது. அட்டைப் பெட்டி, உள்ளே காகிதச் சுருள், அதற்கும் உள்ளே மூன்று உருண்டைகள். விலை 650 ரூபாய், தபால் செலவு தனி. 'இயற்கையான விதைக்கூடு, பயோஆக்டிவ் டெரேரியத்துக்கு உகந்தது' என்று பெட்டியின் மேல் இங்கிலீஷில் பெருமையாகப் போட்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துப் பிரித்தேன். அப்பச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏண்டா, வில்வக் குடுக்கையவா காசு குடுத்து வாங்கியிருக்க?"

"இல்ல அப்பச்சி, இது வந்து..."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. சாமி அறைக்குப் போய்த் தன் திருநீற்றுக் குடுக்கையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். ஐயா காலத்துக் குடுக்கை. கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று கறுத்திருந்தது. நிறத்தைத் தவிர ஆறு வித்தியாசம் என்ன, ஒரு வித்தியாசம்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் தெருமுனைச் சிவன் கோயில் நந்தவனத்தில் வில்வக்காய் காலில் இடறும்.

விஷயம் புரியாதவர்களுக்கு: கண்ணாடித் தொட்டிக்குள் மண் போட்டுச் செடி வளர்ப்பது டெரேரியம். ஆரம்பித்துவைத்தவர் லண்டன் டாக்டர் நத்தானியேல் வார்டு. 1829-ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணோடு புட்டியில் மூடிவைத்தார். பூச்சியை எதிர்பார்த்தால் பெரணிச்செடி முளைத்தது. தண்ணீரே ஊற்றாமல் வருஷக்கணக்கில் வளர்ந்தது. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி மறுபடி மண்ணுக்கே சொட்டும் என்பதுதான் சூட்சுமம். ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கடத்திவந்தது இந்த மாதிரிப் பெட்டிகளில்தான். நாம் ஆபீஸில் பதினோரு மணிக்குக் குடிக்கிற டீக்கு அந்தப் புட்டியும் ஒரு காரணம்.

'பயோஆக்டிவ்' என்பது அடுத்த கட்டம். தொட்டிக்குள்ளேயே ஒரு முனிசிபாலிட்டி வைத்துவிடுவது. ஊழியர்கள் இரண்டு வகை. முதலாவது ஐசோபாட். பயப்படாதீர்கள், பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஓடுமே, ஏழு ஜோடிக் காலோடு, அதுதான். சில ஜாதி தொட்டால் உருண்டையாகச் சுருளும். அது பூச்சியே இல்லை. இறால், நண்டு குடும்பம். வயிற்றடியில் செவுள் மாதிரி உறுப்பால் மூச்சு விடுகிறது. ஆகவே ஈரம் போனால் உயிர் போச்சு. குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமக்கும். தோலுரிப்பதும் இரண்டு தவணையில்தான்: முதலில் பின்பாதி, ஒன்றிரண்டு நாள் கழித்து முன்பாதி. சட்டையை ஒரு நாள், வேட்டியை ஒரு நாள் மாற்றுகிற என் ஹாஸ்டல் நண்பன் ஞாபகம் வந்தான். இரண்டாவது ஸ்பிரிங்டெயில். கடுகைவிடச் சின்னது, வயிற்றடியில் மடக்கிவைத்த கவட்டை வாலைத் தட்டி எகிறும், பூஞ்சணம் தின்னும். தாய்லாந்துக் குகையில் அகப்பட்ட வாத்துமூஞ்சி ஐசோபாட் ஒன்றுக்கு வெளிநாட்டில் கொடுக்கிற விலையைச் சொன்னால் ஆத்தா என்னை வீட்டைவிட்டே துரத்திவிடும். என்னுடையவை கிணற்றடியில் ஓசியில் பிடித்தவை.

சரி, இதில் காய்க்கு என்ன வேலை?

காய்ந்து முற்றிய காய்க்குத் தமிழில் அழகாக 'நெற்று' என்று ஒரு சொல் இருக்கிறது. நெற்றின் ஓடு மரத்துக்குச் சமானம், சருகு மாதிரி சட்டென்று மட்காது. மெல்ல ஊறும், மேலே பூஞ்சணம் படரும். அதை ஸ்பிரிங்டெயில் மேயும். ஊறி மெத்தென்று ஆன ஓட்டை ஐசோபாட் கரம்பும். உள்ளே இருட்டு, ஈரம். ஆக, குடியிருக்கிற வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னலாம். தாமரைக் காயில் விதைக்கு ஒன்றாக அறை அறையாக இருக்கும். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வளவுதான் ஞாபகம் வந்தது. ஒரே கூரை, புள்ளிக்கு ஒரு அறை, தனித்தனி அடுப்பு. என்ன, இங்கே சொத்துத் தகராறு கிடையாது.

வெள்ளைக்காரர்கள் இதற்குத் தென்னமெரிக்காவின் 'குரங்குச் சட்டி'க் காயை விரும்புகிறார்கள். அது நம் கோயில்களில் நிற்கிற நாகலிங்க மரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நாகலிங்கக் காயின் ஓடும் நல்ல ஓடுதான். ஆனால் சதையைச் சுரண்டுகிற அன்று மூக்கையும் வீட்டாரையும் வெளியூர் அனுப்பிவிடுங்கள். மகோகனிக் காய் ஐந்தாக வெடிக்கும், பட்டை பட்டையாக அடுக்கலாம். வாகை நெற்று மெல்லிசு, சீக்கிரம் மட்கும். அது காற்றில் கலகலப்பது குறுந்தொகையிலேயே வருகிறது. இங்கிலீஷ்காரன் அந்தச் சத்தத்துக்காக வாகை மரத்துக்குப் 'பெண்ணின் நாக்கு' என்று பெயர் வைத்தான். என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பாள். மேலே போகிறேன்.

சித்திரையில் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் பத்து நாள் சென்னை போனேன். தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்க யாரிடமும் சொல்லவில்லை. மேலே வெறும் வலைமூடி. காரைக்குடிச் சித்திரை எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. திரும்பிவந்து பார்த்தால் மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. பெரணி தொட்டால் பொடி. மண்மேல் ஐசோபாட்கள் வெள்ளை வெள்ளையாக, வெறும் கூடுகளாக. ஸ்பிரிங்டெயில் ஒன்றையும் காணோம். சின்ன உயிர்தானே என்று சொல்லிக்கொண்டாலும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் அவை என்னிடம் கேட்டது.

கழுவிக் கவிழ்க்கலாம் என்று தொட்டியைச் சாய்த்தேன். நந்தவனத்து வில்வ ஓடு ஒன்றைக் கவிழ்த்துப் பாதி புதைத்திருந்தேன். அதைத் தூக்கினால் உள்ளே ஒரு கும்பல்! பதினான்கு உருப்படி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, உயிரோடு. ஓட்டின் உட்புறம் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. இவை இப்படி நெருங்கிக் குவிவதே ஈரம் போகாமல் இருக்கத்தானாம். ஒருத்தர் ஈரத்தில் மற்றவர் பிழைப்பது. 650 ரூபாய் உருண்டைகளையும் தூக்கிப் பார்த்தேன். காலி. உள்ளே வார்னிஷ் வாசனை. ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. தூத்துக்குடியிலிருந்து காய்ந்த பூ, நெற்று, ஓடு எல்லாம் பல வருஷமாகக் கப்பலேறுகின்றன. பெரும்பாலும் அலங்காரத்துக்கு, வெளுத்து, சாயம் ஏற்றி, அத்தர் தெளித்து. ஜாடிக்கு அது சரி. உயிர் குடியிருக்கிற தொட்டிக்கு வெறும் ஓடுதான் வேண்டும்.

நீங்களே செய்துகொள்ளலாம். சதையை வழித்து, அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள் (வீட்டில் பழைய பாத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள், நான் பால் சட்டியை எடுத்துப் பட்ட பாடு போதும்). தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி இறங்கும். பிறகு நல்ல வெயிலில் காயவையுங்கள். விதையை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொட்டிக்குள் மரம் முளைக்கும். அரளி, ஊமத்தை வேண்டவே வேண்டாம். மருந்தடித்த தோட்டத்துக் காயும் வேண்டாம். வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்துப் பாதி புதையுங்கள். முட்டைஓட்டுத் தூள் கொஞ்சம் தூவினால் தோலுரிக்கிறவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து. வெளிநாட்டு ஜாதி வாங்கியவர்கள் அலுத்துப்போய் வாய்க்கால் ஓரம் கொட்டாதீர்கள். ஊர்ப்பூச்சிக்கு அவை என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்தப் பதினான்கு இப்போது எண்ணமுடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஆத்தா காலையில் வாசல் பெருக்கி நெற்றையும் சருகையும் குவித்துக் கொளுத்தும். இப்போது, "டேய், ஒன் பூச்சிக்கு வேணுமா, பத்தவெச்சிரட்டுமா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தேடுகிறது.

இரண்டாவது தொட்டி ஆரம்பித்திருக்கிறேன். நல்ல பழைய வில்வ ஓடு ஒன்று தேவைப்படுகிறது. அப்பச்சி இப்போதெல்லாம் திருநீறு பூசிய கையோடு சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.