‘கிரியேட்’ போடச் சொல்பவர்களுக்கு

அளவு மாற்றப்பட்ட வட்டை மீண்டும் ரெய்டு அணியில் சேர்க்க முயன்றால், ‘அணியில் சேரப் போதுமான அளவு இல்லை’ என்று லினக்ஸின் எம்டிஏடிஎம் கருவி மறுத்துவிடும். அம்மறுப்பை எப்படியாவது தாண்டிச் செல்ல வேண்டிய தொல்லையாகக் கருதும் மனப்பாங்கையே இப்பதிவில் எதிர்க்கிறேன். புனேயின் ஆய்வு வளாகங்களில் இம்மனப்பாங்கு ஒரு திறமையாகவே மதிக்கப்படுகிறது.

அண்மையில் நடந்தது ஒன்று. ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். இரண்டு வட்டுகள் கொண்ட ரெய்டு 1 அணியிலிருந்து ஒன்றைக் கழற்றி, அதன் பார்ட்டிஷனின் வால்பகுதியைச் சிறிது வெட்டி, அந்த இடத்தை ஸ்வாப்புக்கு ஒதுக்கினர். பின்னர் வட்டு சேர மறுத்தது. ‘கிரியேட் போட்டுவிடு, எல்லாம் வந்துவிடும்’ என்றார் மூத்தவர் ஒருவர். கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டியவரோ முதலாண்டு ஆய்வு மாணவி. அவர் மறுத்தார். நான்கு நாள் வேலை நின்றது. குழுக் கூட்டத்தில் அவர்மீதுதான் குறை சொல்லப்பட்டது.

அவர் மறுத்தது ஏன் சரி என்பதை விளக்கியே ஆக வேண்டும். அணியின் ஒவ்வோர் உறுப்பு வட்டிலும் சூப்பர்பிளாக் என்னும் சிறு பதிவேடு உண்டு. அணியின் அடையாளம், தரவு தொடங்கும் இடம், வட்டில் பயன்படும் அளவு, நிகழ்வு எண்ணிக்கை ஆகியன அதில் இருக்கும். பழைய 0.90, 1.0 வடிவங்களில் அது பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும்; 1.2 வடிவத்தில் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். கடைசியில் பதிவேடு உள்ள பார்ட்டிஷனைச் சுருக்கினாலும் நீட்டினாலும் கருவி புதிய கடைசியில் தேடி ஏமாறும். 1.2 இல் பதிவேடு கிடைக்கும்; ஆனால் அதில் எழுதப்பட்ட அளவு வெட்டப்பட்ட பார்ட்டிஷனுக்குள் அடங்காது. ஆகவே ‘ரீ-ஆட்’ தோற்பது கருவியின் கோளாறு அன்று.

பார்ட்டிஷனைப் பழைய எல்லைக்கே நீட்டிவிட்டு ‘ரீ-ஆட்’ செய்தால் என்ன என்று கேட்கலாம். அது இன்னும் நயவஞ்சகமான பொறி. பிட்மேப் வைத்திருக்கும் அணி, வட்டு விலகியிருந்த காலத்தில் மாறிய பகுதிகளை மட்டுமே நகலெடுக்கும். ஸ்வாப் எழுதிச் சிதைத்த வால்பகுதி அதன் கணக்கில் வராது. அணி நலம் என்று காட்டும். பாதித் தரவு ஒரு வட்டில் ஒன்றாகவும் மற்றதில் வேறாகவும் இருக்கும். (பாதி என்பது கோபத்தில் சொன்னது, ஒரு செக்டர் போதும்.) எல்லையை மீட்டபின் அந்த வட்டின் பழைய சூப்பர்பிளாக்கை அழித்து, ‘ஆட்’ கொடுத்து முழுமையாக நகலெடுக்கவிடுவதே வழி. சிறிய அளவுதான் தேவையென்றால் முதலில் கோப்பு முறைமை, அடுத்து அணி, கடைசியில் பார்ட்டிஷன் என்னும் வரிசையில் சுருக்க வேண்டும். நம்மவர்கள் கடைசியிலிருந்து தொடங்கினார்கள்.

‘கிரியேட்’ புதிய பதிவேட்டை எழுதுகிறது. கருவியின் பதிப்பு மாறியிருந்தால் தரவின் தொடக்க இடமே மாறிப்போகலாம். பழைய வட்டை முதலில் குறிப்பிட்டுவிட்டால், பழையது புதியதன்மேல் நகலாகும். ரெய்டு 5 இல் வட்டுகளின் வரிசை பிசகினால் விளைவு இன்னும் கொடிது.

இத்தனைக்கும் அடியில் கிடப்பது, ரெய்டைப் பேக்கப் என்று அழைக்கும் பழக்கம். 1988 இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் முன்வைத்த கட்டுரை, வட்டு பழுதாவதைத்தான் எதிர்கொண்டது. மனிதன் தவறான கோப்பை அழிப்பதை அன்று. அழிக்கும் கட்டளை இரு வட்டுகளுக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேரும். இந்நகரத்துக் கல்வியாளருக்கு இதை விளக்க வேண்டியிருப்பதே வியப்பு. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை மகாபாரதச் செம்பதிப்புக்காகச் சுவடிகளை ஒப்பிட்டது. ஒரே மூலத்திலிருந்து பெயர்த்த இரு ஏடுகள் இரு சாட்சிகள் அல்ல. மூலத்தின் பிழை இரண்டிலும் இருக்கும் என்பது சுவடியியலின் பாலபாடம். 2004 ஜனவரியில் அந்நிறுவனமே தாக்கப்பட்டுச் சுவடிகள் சேதமுற்றன. ஒரே கட்டடத்தில் எத்தனை நகல் இருந்தாலும் என்ன?

பேக்கப் இருந்தாலும் இழப்பு நேரும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், பேக்கப் ஸ்கிரிப்டைத் திருத்தியபோது நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 77 டெராபைட், 3.4 கோடிக் கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக்குழுக்கள். இவ்வெண்கள் நமக்குத் தெரிவது அப்பல்கலைக்கழகம் வெளிப்படையாக அறிவித்ததால். நம் துறைகளில் அழிந்த தரவுக்குக் கணக்கில்லை. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் காணாமற்போகும், மாணவரின் காலம் ஓராண்டு நீளும், காரணம் ‘தனிப்பட்ட சூழல்’ என்று பதிவாகும்.

செலவு என்பார்கள். இரண்டாம் நகலுக்கான வட்டின் விலையை, அதே தரவை மீண்டும் திரட்டும் களப்பணியின் செலவோடு ஒப்பிட்டுவிட்டுப் பேசட்டும். ஆள் இல்லை என்பார்கள். ஊதியம் பெறும் ஊழியர் ஒருவரின் பெயரில் இப்பொறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்து, முடிவைத் துறைக்குழுவின் முன் வைக்க வேண்டும். இவை இல்லாத ஆய்வகத்தில் முதலாண்டு மாணவரிடம் ரூட் கடவுச்சொல்லைத் தருவதைத் துறைத்தலைவர்கள் இந்தப் பருவத்திலேயே நிறுத்தட்டும்.