பூக்காத செடிக்குப் பசி இல்லை

வாசலில் வைத்த செம்பருத்தி பூக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: தண்ணீர் இன்னும் கொஞ்சம் விடுங்கள், ஒரு கைப்பிடி யூரியா போடுங்கள், பூக்கிற செடியில் மட்டும் கத்தி வைத்துவிடாதீர்கள். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் நம் ஊர்ப் பூஞ்செடிகள் பலவற்றுக்கு இந்த வைத்தியம் நேர் எதிரான பலனையே தருகிறது. பூக்காத செடி பெரும்பாலும் பட்டினி கிடப்பதில்லை. பழைய கிளைகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது, இல்லையென்றால் தின்று கொழுத்து இலையாகவே தழைக்கிறது.

கத்தியிலிருந்தே தொடங்குவோம், குழப்பம் அதிகம் அங்கேதான். செம்பருத்திக் கிளை ஒன்றை நுனியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். இளம்பச்சைத் தண்டில், இலைக்காம்பு சேரும் கணுவில்தான் மொட்டு இருக்கும். அது ஒரு நாள் மலர்ந்து உதிர்ந்ததும் அந்தக் கணுவில் பூக்கும் வேலை முடிந்தது. கீழே வர வரத் தண்டு பழுப்பேறி, கட்டையாகி, வெறுமையாக நிற்கும். புதுத் தளிர் பெருகினால்தான் பூ பெருகும். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழ்க்கணுக்களைத் துளிர்க்க விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டியதும் இரண்டு மூன்று கணுக்கள் சேர்ந்து துளிர்க்கும். மல்லிகை விவசாயிகள் இதை வைத்தே பிழைக்கிறார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்று கவாத்துக்குத் தவணையே குறித்திருக்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டச் சொல்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் கத்தி பட்டு வளர்ந்த செடியில் பூப்பதுதான். வெட்டிய செடி சில வாரம் குச்சி குச்சியாக நிற்கும், பார்க்க மனசு கேட்காது. பிறகு தளிர்கள் வரும். அவற்றின் நுனியில் மொட்டுகள் மூன்று மூன்றாகக் கூடும், நடு மொட்டு முந்திக்கொண்டு பருக்கும்.

பூக்கிற செடியை வெட்டுவது பாவம் இல்லையா என்று கேட்பவர்களின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் வீட்டிலேயே முருங்கையை ஒடித்துத்தானே வளர்க்கிறார்கள்? காட்டுச்செடியை யார் வெட்டுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. அங்கே ஆடு மேய்கிறது, காற்று கிளையை முறிக்கிறது. எட்டாத உயரத்தில் பூத்தாலும் கேட்க ஆளில்லை. கைக்கு எட்டும் உயரத்தில் பூ வேண்டும் என்று கேட்பது நாம்தான். ஒரு மறுப்பு மட்டும் முழுக்க நியாயமானது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் உருண்டை உருண்டையாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியாவில் வழக்கமான ரகங்கள் போன பருவத்துக் கிளையில்தான் மொட்டைத் தயாராக வைத்திருக்கும். பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்பு அதை வெட்டினால் அந்த ஆண்டு பூ போயே போச்சு. பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். இந்தச் செடி கத்தியை வேண்டாம் என்று சொல்லவில்லை, காலம் பார்த்து வெட்டச் சொல்கிறது.

தண்ணீருக்கு வருவோம். நெடுஞ்சாலை நடுத்திட்டில் லாரித் தண்ணீரை நம்பி நிற்கும் காகிதப்பூச் செடி பங்குனி வெயிலில் இலை தெரியாமல் பூத்திருக்கும். தினமும் இரண்டு வேளை தண்ணீர் குடிக்கும் வீட்டுச்செடி பச்சைப்பசேலென்று மதில் ஏறும். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத்தாள் உண்மையில் பூவடிச் செதில். நடுவில் குழல்போல் மூன்று சிறு வெள்ளைப் பூக்கள் இருக்கும், அவையே பூ. மண் காய்ந்து செடி லேசாக வாடத் தொடங்கும்போதுதான் அது பூப்புக்குத் திரும்புகிறது. தொட்டிச்செடியை வேர் கருகும்வரை காயப்போடலாம் என்று நான் சொல்லவில்லை. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றினால் போதும். இட்லிப்பூவின் கதை வேறு. அது ஈரத்தை விரும்பும், ஆனால் உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண் காரத்தன்மை ஏறி, நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் ஆகிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. அதற்கு மேலும் அதே தண்ணீரை ஊற்றினால் நோய்தான் முற்றும். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளித்து, வேரடியில் மக்கிய குப்பை போட்டால் தேறிவரும்.

உரம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. யூரியா கொடுப்பது தழைச்சத்து. பெயரே சொல்கிறது, தழைதான் வரும். அந்தச் சாறு நிறைந்த தளிரைத்தான் மாவுப்பூச்சியும் அசுவினியும் தேடி வரும். மக்கிய தொழுவுரத்தைக் கவாத்து முடிந்ததும் ஒருமுறை வைத்தால் தளிருக்குத் தேவையான நேரத்தில் போய்ச் சேரும்.

இவையெல்லாம் செய்தும் பூக்காத செடிகள் உண்டு, அவை பெரும்பாலும் இடம் தவறி நட்டவை. அடுத்த வீட்டு மாடி நிழல் விழும் சந்தில், நாளுக்கு ஒரு மணி நேர வெயில்கூடப் படாத மூலையில், செம்பருத்திக்கு எதைக் கொடுத்தும் பயனில்லை. ஐந்தாறு மணி நேர வெயில் அதற்கு வேண்டும். ஓரளவு நிழல் தாங்கும் நந்தியாவட்டையை அந்தச் சந்தில் வைத்துவிட்டு, செம்பருத்தியைப் பெரிய தொட்டியில் மாற்றி மொட்டைமாடிக்கு ஏற்றிவிடலாம்.