தீனி மட்டும் போதுமா?

டவுன்டவுனில் ஷேர்புரூக் வீதியால் போய்வரும் எம்மவர் மக்கில் பல்கலைக்கழகத்தின் தூண் வாயிலையும் அதன் மணிக்கூட்டையும் கண்டிருப்பர். பனிக்காலத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் அம்மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்துப் பல்லைக் கடித்தவர்களும் உளர். முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் அவ்வாயிலின் உள்ளே ஒரு வினா ஆராயப்பட்டது. கூண்டில் அடைபட்ட உயிருக்கு வயிறார உணவு கிடைக்கிறது, குளிரில்லை, பகையில்லை, அப்படியிருந்தும் அதற்கு எது குறைகின்றது என்பதே அது. கோடை விடுமுறைக் காலத்திற் பிள்ளைகளைப் பயோடோமுக்கும் கிறான்பி மிருகக்காட்சிச்சாலைக்கும் அழைத்துச் செல்ல எண்ணும் குடும்பங்கள் இதனை அறிந்து செல்வது பயனுடையது எனக் கருதி இவ்வாரம் இதனை எழுதுகிறோம்.

அந்த ஆய்வைத் தொடக்கி வைத்தவர் டொனால்ட் ஹெப் என்ற உளவியலறிஞர். நோவா ஸ்கோஷியாவிற் பிறந்த இவர் 1947இல் மக்கிலில் பேராசிரியரானார். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். சில எலிகளை அவர் ஆய்வுகூடத்திற் கூண்டில் வைக்காது தம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் பெண்பிள்ளைகளிடம் வளர்க்கக் கொடுத்தார். எலிகள் வீடெங்கும் ஓடித் திரிந்தன. வளர்ந்தபின் அவற்றையும் கூண்டிலே வளர்ந்த எலிகளையும் ஒரே வகையான சிக்கல் வழிகளில் விட்டுப் பார்த்தபோது வீட்டெலிகளே வழிகண்டு பிடிப்பதில் முந்தின. அதுமட்டுமன்று, சோதனை நடக்க நடக்க அவை மேலும் மேலும் தேறின. அனுபவத்தைப் பயன்படுத்தும் ஆற்றலே அவற்றிடம் கூடியிருந்தது. இச்செய்தி 1947இல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் மிருகக்காட்சிச்சாலைகளிற் சூழல் வளப்படுத்தல் என்று பேசப்படும் துறைக்கு அறிவியல் வழியான தொடக்கங்களுள் இதுவும் ஒன்றெனக் கூறுவர்.

அதே மக்கிலில் நடந்த வேறிரு ஆய்வுகள் இன்பமான செய்திகளல்ல. குட்டிப் பருவந்தொட்டு வெளியுலகைக் காணாது அடைத்து வளர்க்கப்பட்ட ஸ்கொட்டிஷ் டெரியர் நாய்கள் வெளியே விடப்பட்டபோது, எரியும் தீக்குச்சியில் மூக்கை வைத்துச் சுட்டுக்கொண்டன. சுட்டபின்னும் மறுபடி மறுபடி வைத்தன. நோவின் பொருளையே அவை கற்கவில்லை. 1957இல் இதனை வெளியிட்ட இருவருள் ஒருவரான ரொனால்ட் மெல்சாக் பின்னர் நோவைப் பற்றிய ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். அந்த நாய்கள் கொடுத்த விலையை நாம் மறக்கவியலாது.

மற்றையது மனிதர்மீது நடந்தது. 1951 முதல், கனடாப் பாதுகாப்பு ஆய்வு வாரியத்தின் பணத்தில், மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டொலர் கொடுத்துச் சிற்றறையில் மெத்தையிற் கிடத்தினர். கண்ணுக்கு மங்கிய வெளிச்சம் மட்டும் தெரியும் மறைப்பு. கைகளுக்கு உறையும் அட்டைக் குழாயும். உணவுக்கும் மலசலகூடத்துக்கும் தவிர எழும்ப வேண்டியதில்லை. சும்மா படுத்திருக்கச் சம்பளம்! ஆயினும் இரண்டு மூன்று நாட்களுக்குமேல் தாக்குப்பிடித்தவர் சிலரே. இல்லாதன கண்முன் தோன்றின. பழைய பங்குச் சந்தை விவர ஒலிப்பதிவொன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்டவர் ஒருவர். தடுத்து வைக்கப்பட்டோரின் மனத்தை மாற்றும் முறைகளைப் பற்றிய அச்சமே இவ்வாய்வின் பின்னணி எனப் பிற்காலத்தில் ஹெப்பே கூறினார். சிறையறையின் தனிமையை அனுபவித்துத் தப்பி வந்தோர் எம்மிடையே உளர். அவர்களுக்கு இதனை விளக்க மக்கிலின் ஆய்வு தேவையில்லை.

வேலை அனுமதிப் பத்திரத்திற்காகக் காத்திருந்த மாதங்களில் எம்மவர் பலர் கண்டதும் இதுதான். வீடுண்டு, சாப்பாடுண்டு, கொடுப்பனவுக் காசோலையும் மாதம் தவறாது வந்தது. ஆயினும் மனம் குன்றியது. உழைத்துத்தான் உண்பேன் என்ற பிடிவாதம் மனிதனுக்கு மட்டும் உரியதன்று. கிண்ணம் நிறையத் தீனி இருக்கவும் நெம்புகோலை அழுத்தி வரும் தீனியையே எலிகள் பெரிதும் நாடின என 1963இல் ஓர் ஆய்வு கண்டது. புறா, குரங்கு, கரடி எனப் பல உயிர்களிடம் இப்பண்பு காணப்பட்டுள்ளது. வீட்டுப் பூனை மட்டும் விதிவிலக்காம். பூனை வளர்ப்பவர்கள் இதில் வியப்படையார்.

மிருகக்காட்சிச்சாலையில் புலியோ கரடியோ ஒரே தடத்தில் போவதும் திரும்புவதுமாக நடப்பதைக் கண்டு, "உலாவுகிறது பார்" என்று பிள்ளைக்குக் காட்டுகிறோம். அது உலாவல் அன்று. காட்டில் இரைதேடி அலையவேண்டிய கால்கள் அலைய இடமின்றிப் பழகிக்கொண்ட நோய் அது. ஜோர்ஜியா மேசன் என்ற அறிவியலாளரும் அவருடைய துணையாய்வாளரும் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று, இயற்கையில் நெடுந்தொலைவு அலையும் ஊனுண்ணிகளே அடைபடுகையில் மிகுதியாக இவ்வாறு நடக்கின்றன என்றும், அவற்றின் குட்டிகளே மிகுதியாக இறக்கின்றன என்றும் காட்டியது. பனிக்கரடியின் அடைப்பிடம் அது இயற்கையில் அலையும் மிகச்சிறிய பரப்பின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என அவர்கள் கணக்கிட்டனர். மேசன் பின்னர் ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்திற் பணியாற்ற வந்தார்.

இடத்தைப் பெருக்க முடியாதவிடத்துப் பொழுதையாவது நிரப்பலாம். தீனியைக் கிண்ணத்தில் இடாது வைக்கோலுள் ஒளிப்பர். மரப்பொந்துள் தேனைப் பூசுவர். மீனைப் பனிக்கட்டியுள் உறையவைத்துக் கொடுப்பர். புதிய வாசனை ஒன்றை மரக்குற்றியில் தடவினால் சிறுத்தை அரைநாள் அதனையே மோந்து திரியும். இன்று கொடுத்ததை நாளையும் கொடுத்தால் பயனில்லை, மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 1976 ஒலிம்பிக்கின் சைக்கிள் ஓட்டப் போட்டிகளுக்கென எழுப்பிய அரங்கில் 1992இல் திறக்கப்பட்ட பயோடோமிலே, பென்குயின்களுக்குத் தென்கோளத்தின் பருவத்தையொட்டியே வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றனர். வெளியே நாம் பனியில் நடுங்கும்போது அவற்றுக்குக் கோடை. அங்கே பொன்னிறச் சிங்கக் குரங்குகளையும் காணலாம். 1984 முதல் இவ்வினத்திற் கூண்டிற் பிறந்தவற்றைப் பிரேசில் காட்டில் விட்டபோது முதலில் பல மாண்டன. உணவைத் தேடத் தெரியவில்லை. அசையும் கிளையிற் செல்லத் தெரியவில்லை. ஆடாத கம்பத்திற் பழகிய கால்களுக்கு உண்மை மரம் அந்நியமாயிருந்தது. தப்பியவற்றின் குட்டிகள் காட்டிலேயே பிறந்து தேறிக்கொண்டன. 1970களில் ஏறக்குறைய இருநூறாக இருந்த இனம் இன்று ஆயிரக்கணக்கில் வாழ்கின்றது.

இனிப் பயிற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். பயிற்சி என்றதும் எம்மவருக்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் மாலைநேர யானை நடனமே நினைவுக்கு வரும். கொழும்புக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பி மாதக்கணக்காய் அதைப் பற்றியே கதைப்பார்கள். யானையைப் பழக்குவது எமக்குப் புதிதுமன்று. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் கடனீரேரியின் ஆழமற்ற வழியால் குடாநாட்டுக்கு ஓட்டி வந்ததனாலேயே ஆனையிறவு அப்பெயர் பெற்றது. அங்கிருந்து அவை கப்பலேறி இந்தியாவுக்கு விலைபோயின. கயிறும் பட்டினியும் அங்குசமுமே அன்றைய ஆசிரியர்கள். பணிய மறுத்தால் நோவு, பணிந்தால் நோவு நிற்கும். அதுவே பாடம்.

இன்றைய நல்ல மிருகக்காட்சிச்சாலைகளில் பாடம் வேறு. கடல்நாயின் பல்லைச் சோதிக்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். முன்பெனில் வலையிட்டுப் பிடிப்பர், அல்லது மயக்க ஊசி போடுவர். மயக்கத்தில் இறந்துபோகும் விலங்குகளும் உண்டு. இப்போது பராமரிப்பாளர் நீண்ட கோலின் நுனியில் ஒரு பந்தைப் பிடிக்கிறார். கடல்நாய் அதனை மூக்காற் தொட்டவுடன் விசில். விசிலுக்குப் பின் மீன். அடுத்து வாயைச் சிறிது திறந்தால் விசில். பின்னர் திறந்தபடி வைத்திருந்தால்தான் விசில். வாரக்கணக்கிற் பொறுமையாக இப்படிச் சென்றால், ஒருநாள் வைத்தியர் வாயுள் விரலிட்டுப் பார்க்கலாம். புலி தன் வாலைக் கம்பியிடையே நீட்டி இரத்தம் எடுக்க விடுகின்றது. ஒட்டகச்சிவிங்கி குளம்பைக் கட்டையில் வைத்துக் காத்து நிற்கின்றது. விருப்பமில்லையெனில் விலங்கு எழுந்து போகலாம், அன்றைய தீனியை அதற்காக எவரும் நிறுத்துவதில்லை. இதுவே இம்முறையின் உயிர். "வேண்டாம்" என்பதற்கு இடமிருப்பதனால்தான் அதன் உடன்பாடும் பொருள் பெறுகின்றது. தீனியைக் குறைத்துப் பசியைக் காட்டிப் பழக்கினால் அது அங்குசத்தை ஒளித்துவைத்த கதையே.

ஆயினும் முறை நல்லதென்பதால் அடைத்து வைத்தலும் நல்லதாகிவிடுமா? இவ்விடத்தில் ஹாகன்பெக் குடும்பத்தின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலை ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மனிய வணிகரின் விலங்குத் தொகுதியிலிருந்து உருவாகி, 1936இல் அரசுடைமையாயிற்று. அவருடைய அண்ணன்முறையான கார்ல் ஹாகன்பெக், ஹம்பேர்க் நகரில், அடியாமல் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைப் பரப்பியவர். 1907இல் கம்பிக்கூண்டுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்த வெளிகளை அமைத்தவர். அதே மனிதர்தான் லப்ராடோரிலிருந்து 1880இல் எட்டு இனுவிட் மக்களை, குழந்தைகள் உட்பட, ஐரோப்பாவின் நகரங்களுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். பெரியம்மைத் தடுப்பூசி போடாமற் கொண்டுவரப்பட்ட அவர்கள் அனைவரும் 1881 ஜனவரிக்குள் இறந்தனர். அக்காலத்தில் இலங்கையிலிருந்தும் மனிதர்களை யானைகளோடு அழைத்துச் சென்று காட்டினார். விலங்கை அன்பாகப் பழக்கத் தெரிந்தவருக்கு, எவரைக் காட்சிக்கு வைக்கலாம் எவரை வைக்கலாகாது என்பது தெரியவில்லை.

கனடாவில் இக்கேள்வியை எழுப்பியது எம் தீவிலிருந்து வந்த ஒரு யானை. லூசி என்பது இங்கு வைத்த பெயர். 1975இல் இலங்கையிற் பிறந்து, தாயை இழந்து, பின்னவலை யானைகள் சரணாலயத்தினூடாக 1977இல் இரண்டு வயதில் எட்மன்டன் மிருகக்காட்சிச்சாலைக்கு வந்தது. வந்த ஆண்டைப் பார்த்தால் எம்மில் அநேகருக்கு அது மூத்த குடிவரவாளர்! 2007இல் அதன் துணையான ஆபிரிக்க யானை அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டபின் லூசி தனித்து நின்றது. பெண்யானைகள் கூட்டமாகவே வாழ்பவை. மூச்சுத் தொல்லை இருப்பதால் பயணம் உயிருக்கு ஆபத்து என்றனர் அங்குள்ளோர். வழக்குத் தொடர்ந்தவர்களின் மனுவை அல்பேட்டா மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் நடைமுறைக் காரணங்காட்டித் தள்ளியது. முதன்மை நீதியரசர் கத்தரின் ஃபிரேசர் மட்டும் நீண்ட மாற்றுத் தீர்ப்பெழுதி, விலங்கின் துன்பம் நீதிமன்றில் விசாரிக்கப்பட வேண்டிய விடயமே என்றார். 2012இல் கனடா உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. பின்னர் வெளியிலிருந்து வந்து பரிசோதித்த நிபுணர்களும், போதிய ஒட்சிசன் கிடையாத நிலையில் பயணம் கூடாதென்றே 2023இல் வெளியான அறிக்கையில் கூறினர்.

பராமரிப்பாளர்கள் லூசியோடு தினமும் நடந்தனர், பனியிலும் அழைத்துச் சென்றனர், கதை பேசினர். அவர்களின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் மறைத்துவைத்த பழமும் விசிலும் இன்னொரு யானைக்கு ஈடாகா. திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் புதிதாக அடைத்து வைப்பதை 2019இல் கனடாப் பாராளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. யானைக்கும் அவ்வாறான சட்டம் வேண்டுமென்பதே எமது கருத்து. ஏற்கெனவே உள்ளவற்றுக்கு இறுதிவரை நல்ல பொழுதைக் கொடுப்பது கடமை. இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து அக்கடமையைப் புதுப்பிக்க வேண்டியதில்லை.

பயோடோமுக்குப் போகிறவர்கள் டவுன்டவுனிற் பச்சை வழி மெட்ரோ ஏறி வியோ நிலையத்தில் இறங்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்கவேண்டுமென ஓடாது, ஒரு விலங்கின் முன் கால்மணி நேரமாவது நில்லுங்கள். தேடுகிறதா, ஒரே தடத்தில் சுற்றுகிறதா, ஒளிய விரும்பினால் ஒளிய இடமுண்டா எனப் பாருங்கள். உறங்கும் விலங்கை எழுப்பக் கண்ணாடியிற் தட்டும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று இதற்கு என்ன புதிதாகக் கொடுத்தீர்கள், ஊசி போடும்போது எப்படி ஒத்துழைக்கிறது என்று அங்குள்ள பணியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் மகிழ்வோடு விளக்குவர். பிரெஞ்சிற் கேட்கத் தயங்க வேண்டாம், பிள்ளைகள் பக்கத்திலே இருக்கிறார்கள்.