கார்களுக்கு நாள் குறித்துவிட்டோம், லாரிகளுக்கு?

2025ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டீசல் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. 2030ஆம் ஆண்டிலிருந்து பதிவாகும் ஒவ்வொரு புதிய காரும் டாக்சியும் மின்சாரம் போன்ற தூய்மையான எரிசக்தியில் ஓடுவதாக இருக்க வேண்டும். 2040ஆம் ஆண்டுக்குள் நாட்டின் எல்லா வாகனங்களும் அவ்வாறு மாறிவிட வேண்டும் என்பது இலக்கு. இந்த முடிவுகளை நான் வரவேற்கிறேன். ஆனால், நாம் இதுவரை செய்திருப்பது எளிதான பாதியை மட்டுமே என்பது என் கருத்து.

டீசல் கார் வாங்கியவர்கள் நம் நாட்டில் எப்போதுமே குறைவு. டாக்சி நிறுவனங்களும் தடை வருவதற்கு முன்பே டீசலைக் கைவிடத் தொடங்கிவிட்டன. ஆகவே, இந்தத் தடையால் பெரிதாகச் சிரமப்பட்டவர்கள் அதிகம் இல்லை. நம் சாலைகளில் டீசலை நம்பி ஓடுபவை பேருந்துகளும் வேன்களும் லாரிகளும்தான். இவற்றுள் பேருந்துகளுக்குத் திட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 6,000 பொதுப் பேருந்துகளில் பாதி 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரப் பேருந்துகளாக மாறவிருக்கின்றன. சரக்கு ஏற்றும் வேன்களுக்கும் லாரிகளுக்கும் சலுகைகள் உண்டு. புதிய டீசல் வாகனத்தைப் பதிவு செய்ய இதுவே கடைசி நாள் என்று குறிக்கப்பட்ட நாள்தான் இல்லை.

டீசல் புகை ஏன் இவ்வளவு கெட்டது? டீசல் இயந்திரத்தில் காற்று மிகக் கடுமையாக அழுத்தப்படுகிறது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இயந்திரத்தைப் போல் தீப்பொறி தேவையில்லை. குறைந்த எரிபொருளில் அதிக பாரத்தை இழுக்க முடிந்ததால், 1890களில் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய இந்த இயந்திரம் கப்பல் முதல் லாரி வரை எல்லாவற்றிலும் இடம்பிடித்தது. ஆனால், அதன் பலமே அதன் குறையும் ஆனது. அந்தக் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. தெளிக்கப்படும் டீசல் காற்றோடு முழுமையாகக் கலக்காத இடங்களில் அது அரைகுறையாக எரிந்து கரித்துகளாகிறது. இத்துகள்களில் பல, மனிதத் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கைவிடச் சிறியவை. மூக்கில் சிக்காமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2012ஆம் ஆண்டில் அறிவித்தது.

புகைமூட்டக் காலத்தில் நாம் காற்றுத் தரக் குறியீட்டை மணிக்கு மணி பார்க்கிறோம், முகக்கவசம் தேடுகிறோம். அது சில வாரங்களில் போய்விடும். லாரிப் புகையோ நாள்தோறும் வருவது, நாமே உண்டாக்குவது. அதை அதிகம் சுவாசிப்பவர்கள் யார்? சரக்கு இறக்கும் இடத்தில் நாள் முழுவதும் நிற்பவர்கள், சாலையோரத்தில் வேலை செய்பவர்கள், லாரியின் பின்புறத்தில் அமர்ந்து வேலையிடத்துக்குச் செல்லும் வெளிநாட்டு ஊழியர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிரூட்டியைப் போட்டுக்கொள்ளும் வசதி இவர்களுக்கு இல்லை.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் ஒரு சரக்கு வாகனம் அதிகபட்சம் 20 ஆண்டுகள் ஓடலாம். இன்று பதிவாகும் டீசல் லாரி, வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே போனால், 2040ஐத் தாண்டியும் சாலையில் இருக்கும். இலக்கு ஓர் ஆண்டைச் சொல்கிறது. விதி வேறோர் ஆண்டைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டுமானால் நாள் குறிப்பதைத் தள்ளிப்போட முடியாது.

புதிய டீசல் இயந்திரங்கள் முன்பைவிடத் தூய்மையானவைதாமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2018ஆம் ஆண்டிலிருந்து இங்கு பதிவாகும் டீசல் வாகனங்கள் யூரோ 6 தரத்தை எட்ட வேண்டும். ஆனால், வடிகட்டிகள் பராமரிக்கப்படும் வரைதான் அந்தத் தரம் நிலைக்கும். சோதனையில் காட்டும் அளவு சாலையிலும் இருக்கும் என்ற நம்பிக்கையை ஃபோக்ஸ்வேகன் நிறுவனமே 2015ஆம் ஆண்டில் உடைத்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், அதன் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் டீசல் வாகனங்களில் இருந்தது தெரியவந்தது.

மின்வாகனத்தைப் பற்றியும் மிகைப்படுத்திப் பேசக்கூடாது. “மின்கார் மாசே ஏற்படுத்தாது” என்ற வரியை மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறேன். அது பாதி உண்மை. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. எனவே கரிமம் வெளியாகத்தான் செய்கிறது, முன்பைவிடக் குறைவாக. ஆனால், புளோக்கின் கீழே சரக்கு இறக்கும் வேனின் பின்னால் புகைக்குழாய் இருக்காது. அங்கே நிற்பவரின் நுரையீரலுக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது.

வலுவான எதிர்வாதம் செலவுதான். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்திலிருந்து விடியுமுன் காய்கறி ஏற்றிச் செல்லும் சிறு வணிகருக்கு, லாரிதான் முதலீடு. மின்லாரியின் விலை கூடுதல், கனமான மின்கலன் பாரத்தின் ஒரு பங்கைத் தின்றுவிடும், மின்னூட்ட நின்றால் ஒரு நடை குறையும். இவை வெறும் சாக்குகள் அல்ல. எனவேதான் வேன்களில் தொடங்க வேண்டும் என்கிறேன். கிழக்கிலிருந்து மேற்கு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உள்ள தீவில், ஒரு சிறிய வேனின் ஒரு நாள் ஓட்டம் பெரும்பாலும் ஒரே மின்னூட்டில் முடிந்துவிடும். வேன்களுக்கு முதலில் ஒரு நாளும், கனரக லாரிகளுக்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு நாளும் குறிக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் வணிகர்கள் அதற்கேற்பத் திட்டமிடுவார்கள்.

மின்னூட்டும் இடம் இன்னொரு சிக்கல். 2030ஆம் ஆண்டுக்குள் 60,000 மின்னூட்டு முனைகளை அமைப்பது நாட்டின் திட்டம். அவற்றில் பெரும்பகுதி கார் நிறுத்துமிடங்களுக்கானது. உயரக் கட்டுப்பாடுள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குள் லாரி நுழைய முடியுமா? லாரிகள் இரவு முழுவதும் நிற்பது கனரக வாகன நிறுத்துமிடங்களில். மின்னூட்டு வசதி அங்கே வந்தால், ஓட்டுநர் உறங்கும் நேரத்தில் லாரி ‘சாப்பிட்டு’ முடித்துவிடும், பகலில் ஒரு நடையும் குறையாது.

மேலும் ஒன்று. பதிவு நீக்கப்பட்ட வாகனத்தை உடைக்கலாம், அல்லது வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்பதே இன்றைய விதி. நாம் ஒதுக்கிய டீசல் லாரி வேறொரு நாட்டின் பள்ளிக்கூடத்தைக் கடந்து புகைவிட்டுக்கொண்டு போனால், புகையை இடம் மாற்றியதைத் தவிர நாம் என்ன செய்தோம்? மின்லாரிக்குச் சலுகை பெறுபவர் தம் பழைய டீசல் லாரியை உடைக்கவே வேண்டும் என்ற நிபந்தனையையும் விதிக்கலாம்.