அளத்துப் பக்கம் என்ன வந்திருக்கு?

பறவை பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் சாதாரணப் பேச்சுதான். எங்கே தண்ணீர் நிற்கிறது, எது வந்தது, எது இன்னும் வரவில்லை, நேற்று இருந்தது இன்று ஏன் காணோம். இந்தப் பேச்சு சுருங்கிக்கொண்டே வருகிறது என்பது என் கவலை. அபூர்வப் பறவைக்கும் அழகான படத்துக்கும் மட்டும்தான் வாய் திறப்பது என்று ஆகிவிட்டால், டெல்டாவின் கடலோரத்தில் என்ன நடக்கிறது என்று அறிய நம் கையில் இருக்கும் செலவில்லாத நல்ல வழி ஒன்று அடைபட்டுப் போகும்.

நான் அதிராம்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுபுஹு தொழுதுவிட்டு உப்பளங்கள் பக்கம் நடப்பது எனக்கும் இன்னும் சிலருக்கும் வழக்கம். கல்லூரிப் பிள்ளைகள் இருவர், கொத்தனார் ஒருவர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், விடுமுறை நாட்களில் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் நண்பர்கள். இதில் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. திரும்பி வரும்போது டீக்கடையில் நடக்கும் பேச்சு இந்த மாதிரி இருக்கும் (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்):

“காக்கா, நேத்து மூணாவது பாத்தியில நின்ன மூக்கன் கூட்டம் இன்னிக்கு ஒண்ணுகூட இல்லையே?”

“காத்து மாறிடுச்சுல்ல தம்பி. சேத்துல தண்ணி ஏறிக் கிடக்கு. ராஜாமடம் பக்கம் ஒதுங்கியிருக்கும்.”

“ராஜாமடத்துலேர்ந்துதானே வர்றேன். அங்கயும் இல்ல.”

“அப்போ மறவக்காட்டுப் பக்கம் போய்ப் பாக்கணும்.”

கேட்பவருக்கு இது பொழுதுபோக்காகத் தெரியலாம். ஆனால் இந்த நாலு வரிக்குள் இடம் இருக்கிறது, காற்று இருக்கிறது, நீர்மட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு பறவை இல்லாமல் போனது இருக்கிறது. இருப்பதை யார் வேண்டுமானாலும் படம் பிடித்துவிடலாம். இல்லாமல் போனதைச் சொல்ல, அதே இடத்தைத் தினமும் பார்க்கிற ஒருவரும், அதைக் காது கொடுத்துக் கேட்கிற இன்னொருவரும் வேண்டும்.

அண்மையில் எங்களோடு சேர்ந்த ஒரு தம்பி, படம் இல்லாத தகவலைச் சொல்லவே வேண்டாம் என்றார். உண்ணிக்கொக்கையும் மடையானையும் பற்றித் தினம் என்ன பேச்சு என்றும் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உப்பளத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பறவையைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் சான்று கேட்பது நியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உண்ணிக்கொக்குக்கு எதற்குச் சான்று? எத்தனை, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தன என்று சொன்னால் போதாதா?

இந்த நாட்டில் பறவை பார்ப்பது பரவியதே இப்படிப்பட்ட பேச்சால்தான். 1960இல் பம்பாயில் ஜாபர் ஃபதேஹல்லி பறவை ஆர்வலர்களுக்கென ஒரு செய்திமடலைத் தொடங்கினார். சைக்ளோஸ்டைல் எடுத்த சில தாள்கள், அவ்வளவுதான். வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும் குளத்திலும் கண்டதை நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். சந்தேகம் கேட்டார்கள், பதில் எழுதினார்கள், தங்களுக்குள் மறுத்தும் எழுதினார்கள். அந்த மடல் பல பத்தாண்டுகள் நடந்தது. நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன் 1950 தொடங்கி 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதினார். வீட்டைச் சுற்றித் திரியும் சாதாரண உயிர்களுக்கும் அவர் எழுத்தில் மரியாதையான இடம் இருந்தது. 1978இல் தொடங்கிய சென்னை இயற்கையாளர் கழகமும் நண்பர்கள் கூடிப் பேசியதில் வளர்ந்ததுதான்.

அந்தக் காலம் வேறு என்பவர்கள் 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் புரட்டிப் பார்க்கட்டும். ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவற்றில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்கிறது அறிக்கை. இந்த 3 கோடியில் பெரும்பகுதி காக்கை, மைனா, கொக்கு, கரிச்சான் என்று அன்றாடம் கண்ணில் படுபவற்றின் பதிவாகத்தான் இருக்க முடியும். இவற்றை யாரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் எது குறைகிறது, எது கூடுகிறது என்று சொல்ல அடிப்படையே இருந்திருக்காது. தொலைதூரத்திலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் அதிகம் சரிந்தவற்றில் அடக்கம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. எங்கள் உப்பளத்துக்கு வருகிறவை அவைதான்.

அதிராம்பட்டினத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் வானிலைச் செய்தியில் எங்கள் ஊர் வந்துவிடும். இங்கே ஒரு வானிலை ஆய்வு நிலையம் இருக்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தினமும் அளவெடுக்கிறார்கள். பெய்யாத நாளில் பூஜ்ஜியம் என்று எழுதுகிறார்கள். அந்தப் பூஜ்ஜியங்கள் இல்லாமல் வறட்சி என்ற ஒன்றைக் கணக்கிடவே முடியாது. “இன்னிக்கு ஒண்ணும் இல்ல காக்கா” என்று ஒரு பையன் சொல்லும்போது அதை நான் குறித்துக்கொள்வது இதனால்தான்.

உப்பளம் எப்படி இயங்குகிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அளங்கள் மூழ்கிக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் பாத்திகளைச் சீர்செய்து, கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிடுவார்கள். முதல் பாத்திகளில் உப்பு குறைவு. புழுவும் பூச்சியும் சிறு மீனும் இருக்கும். போகப்போக உவர் ஏறும். கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். இதனால் அடுத்தடுத்த வரப்புகளுக்கு இடையே வேறுவேறு பறவைகள் மேயும். கணுக்கால் ஆழத்தில் கொசு உள்ளான், அதைவிடச் சற்று ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், திறந்த சேற்றில் வளைந்த அலகோடு குதிரைமலைக் கோட்டான். எந்தப் பாத்தியில் எப்போது தண்ணீர் விடுவார்கள், எப்போது வடிப்பார்கள் என்பது தெரிந்தால் பறவை எங்கே இறங்கும் என்பதும் தெரியும். அது முழுதாகத் தெரிந்தவர்கள் அங்கே உப்பு வாருகிறவர்கள்.

அவர்கள் எங்கள் பேச்சில் இருக்கிறார்களா? ஓரளவுக்கு. ஓர் அண்ணன் இருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபடியே, “பாய், நேத்து ராத்திரி கூட்டமா ஏதோ கத்திக்கிட்டே தெக்க போச்சு. சின்னதுதான், விசில் அடிச்ச மாதிரி சத்தம்” என்பார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவருக்குக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பத் தெரியாது. ஆனால் ஆர்வலர்கள் எல்லோரும் தூங்கும் நேரத்தில் அவர் அங்கே இருக்கிறார். ஏரிப்புறக்கரையிலும் கரையூர் தெருவிலும் இருக்கும் மீன்பிடிக்காரர்களும் அப்படித்தான். விடியுமுன் கடலுக்குள் போகிறவர்கள். ஆலாக்கள் எந்த இடத்தில் திரண்டு முங்குகின்றன என்பது அவர்களுக்குத் தொழில் சம்பந்தப்பட்ட செய்தி. கீழே சிறுமீன் கூட்டம் இருக்கிறது என்று பொருள்.

மீனவர் சொல்லை நம்பி நல்லது நடந்ததற்கு எங்கள் கடலிலேயே உதாரணம் உண்டு. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதற்கு முன்பும் பின்பும் வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து உயிரோடு கடலில் விட்டவர்கள் இந்தக் கரை மீனவர்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டியும் இருக்கிறது. கடற்பசுவுக்குக் கேட்ட காதைப் பறவைக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

கழனிப் பக்கமும் இப்படித்தான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் கல்லணைக் கால்வாய் வழியாக எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும், சில ஆண்டுகளில் வராமலும் போகும். வந்து உழவு தொடங்கினால் டிராக்டருக்குப் பின்னாலேயே உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தி நாரையும் நடக்கும். ஏரிகளில் தண்ணீர் நின்றால் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் நிறையும். இரண்டும் பறவைகள் சரணாலயங்கள், 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. தண்ணீர் எப்போது வந்தது என்பதும் நாரை எப்போது வந்தது என்பதும் விவசாயிக்கு ஒரே பேச்சு. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தங்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதை அவர்களே பேசி முடிவுசெய்து, தலைமுறையாகக் காக்கிறார்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த பிறகு இந்தப் பேச்சின் மதிப்பு எனக்கு இன்னும் விளங்கியது. தென்னந்தோப்புகள் தரைமட்டம். முத்துப்பேட்டை அலையாத்திக்காடு கருகியது போல் நின்றது. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் மனிதர்களைப் பற்றிய விசாரிப்புதான் முதலில். அது அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு மெல்ல ஒருவர் கேட்டார், நீர்க்காகங்கள் அடையும் மரம் நிற்கிறதா என்று. எந்த மரத்தில் எது அடைந்தது, எந்தப் பனையில் எது கூடு வைத்தது என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. டீக்கடையில் பேசிப் பேசியே எங்கள் நினைவில் நின்றிருந்தது. எவை போயின என்று பட்டியல் போட அந்த நினைவுதான் உதவியது.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடலாமா என்றால், கூடாது. இது எங்களுக்குள் பலமுறை சூடாக நடந்த விவாதம். டெல்டா மாவட்டங்களில் சாலையோரம் கொக்கும் உள்ளானும் இறைச்சிக்கு விற்கப்படுவது ஊரறிந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனாலும் வலை விரிக்கிறார்கள், கண்ணி வைக்கிறார்கள். கூட்டம் எங்கே இரவில் அடைகிறது என்று நாம் பெருமையாகச் சொன்னால், அது யார் காதுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. கூடும் அடையும் இடமும் நம்பிக்கையானவர்களுக்குள்ளேயே இருக்கட்டும். காலையில் சேற்றில் மேய்வதைப் பற்றி ஊரே பேசட்டும்.

அதே சமயம், விற்கிறவரிடமும் வாங்குகிறவரிடமும் பேசாமல் ஒதுங்கிப் போவதும் சரியில்லை. ருசிக்காக வாங்குகிறவர் நம் உறவினராகவே இருக்கிறார். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மச்சானிடம், இந்த உள்ளான் சைபீரியாவின் பனிநிலத்தில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறந்து வந்து நம் அளத்தில் இறங்குகிறது என்று சொன்னால் அவர் நம்புவதில்லை. 2022இல் அலாஸ்காவில் பிறந்து சில மாதங்களே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் 13,560 கிலோமீட்டர், 11 நாட்கள் எங்கும் இறங்காமல் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியதைக் கருவி பொருத்திக் கண்டார்கள் என்று சொன்னபோது, என் உறவினர் ஒருவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. தூரத்திலிருந்து வருவது என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சான் மகன் வாரம் தவறாமல் செல்பேசியில் கேட்பான்: “மாமா, அளத்துப் பக்கம் என்ன வந்திருக்கு?” நானும் சொல்வேன். ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் சொல்வேன்.

தமிழகத்தில் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வனத்துறையும் தனியே கணக்கெடுக்கிறது. நல்ல முயற்சிகள். அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வரும் தன்னார்வலர்களிடம் ஒரு வேண்டுகோள். வந்து இறங்கியதும் பைனாகுலரை எடுப்பதற்கு முன் உப்பளத்தில் நிற்பவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அவர் சொல்லும் பெயர் உங்கள் கையேட்டில் இல்லாமல் இருக்கலாம். நிறம், சத்தம், நடை, எந்தப் பாத்தி என்று கேட்டால் சொல்லிவிடுவார். திரும்பும்போது நீங்கள் பார்த்ததை அவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அவருடைய கணக்கில் அதுவும் சேரும்.

ஆவணி பிறந்தால் முதல் உள்ளான்கள் இறங்கத் தொடங்கும். இந்த முறை எங்கள் டீக்கடையில் ஒரு கோடுபோட்ட நோட்டு வைப்பதென்று பேசியிருக்கிறோம். எழுதத் தெரிந்தவர் எழுதலாம். மற்றவர் வாயால் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். படம் வேண்டாம். எந்த இடம், எந்த நேரம், ஏறத்தாழ எத்தனை, காற்று எந்தப் பக்கம். பறவையின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம், பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.