கதவுக்குள் தேங்கும் தண்ணீர்

மலையகத்தில் ஒரு வாகனத்தின் வயதை அறிய எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. கதவின் அடி ஓரத்தைப் பார்த்தாலே போதும். பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கும். விரலால் அழுத்தினால் தகடு உதிரும். அந்தத் துரு வெளியிலிருந்து உள்ளே போனது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது உள்ளேயிருந்து வெளியே வந்தது. கதவின் உட்பலகையை, அதாவது எல்லோரும் டோர் பேனல் என்று சொல்வதை, ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்தவருக்கு இது விளங்கும். கழற்றிப் பார்த்தவர்களோ நம்மிடையே மிகச் சிலர்.

அரசியலையும் தேர்தல்களையும் எழுதிவந்தவன் இப்போது கார்க் கதவைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். என்னைப் பொறுத்தவரை இதுவும் ஒரு பொது விடயமே. ஒரு சமூகம் தான் நாளாந்தம் கையாளும் பொருளின் உட்புறத்தைத் தன் மொழியில் அறிந்து வைத்திருக்கிறதா, இல்லையா என்ற கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில், நம் நாட்டில் ஏன் இத்தனை பழைய வாகனங்கள் ஓடுகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்நியச் செலாவணியைக் காப்பாற்றும் பொருட்டு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடையில் 2022இன் நெருக்கடியில், ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. தடை நீங்கிய பின்னரும் வரிகளின் சுமையால் புதிய வாகனம் சாதாரண மனிதருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வீதிகளில் இருபது, முப்பது வயதான ஜப்பானிய கார்களும், 'டொல்பின்' என்று எல்லோரும் அழைக்கும் பழைய ஹையேஸ் வேன்களும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருவருக்குப் பாடசாலை வேன், இன்னொருவருக்கு மரக்கறி ஏற்றும் வண்டி, நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் ஒரே வாகனம் என்று, அவற்றை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

இனிக் கதவுக்கு வருவோம். கார்க் கதவு தண்ணீர் புகாதபடி செய்யப்பட்ட பெட்டி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஷட்டர் கண்ணாடி ஏறி இறங்குவதற்கு மேலே ஓர் இடைவெளி வேண்டும். அதன் இரு பக்கத்திலும் இறப்பர்ப் பட்டி இருந்தாலும், மழைநீரின் ஒரு பகுதி கண்ணாடியோடு வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே அடியில் சிறு வடிகால் துளைகளை வைத்தார்கள். வந்த தண்ணீர் அவற்றின் வழியே போய்விட வேண்டும். அது பலகையில் படாமலும் வாகனத்துக்குள் வராமலும் இருக்க, பலகைக்குப் பின்னால் ஒரு பொலித்தீன் தாளைக் கறுத்த பசையால் ஒட்டினார்கள். ஏற்பாடு இவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டை நமது மலைநாடு கடுமையாகச் சோதிக்கிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் மழை ஓய்ந்த பின்பும் பனிமூட்டம் ஓய்வதில்லை. தோட்டத்து வீதிகளின் சேறும், யூகலிப்டஸ், சைப்பிரஸ் மரங்களின் சருகும் துளைகளை அடைத்துவிடுகின்றன. தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. போதாக்குறைக்கு, முன்பு எப்போதோ ஷட்டர் திருத்தியவர் அந்தப் பொலித்தீன் தாளைக் கிழித்து எறிந்துவிட்டுப் பலகையை மட்டும் பூட்டியிருப்பார். பிறகு பலகை ஊறி உப்புகிறது. காலடிக் கம்பளம் நாறுகிறது. சுவிட்சின் செப்பு முனைகளில் பச்சை படிகிறது. கடைசியில் தகடு போகிறது.

ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் சாரதி ஒருவர் எனக்குப் பழக்கமானவர். கடந்த மழைக்காலத்தில் அவருடைய வேனின் முன்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. "பாஸ் முழு செட்டையும் மாத்தணும்னு சொல்றாரு சேர், பஞ்சிகாவத்தைக்குப் போய்த்தான் எடுக்கணுமாம்" என்றார். மோட்டாரும் ரெகுலேட்டரும் சேர்ந்த அந்தச் செட்டின் விலை அவருடைய ஒரு மாத மிச்சத்தை விழுங்கக்கூடியது. மழையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய வீட்டு முற்றத்தில் நாங்கள் அந்தப் பலகையைக் கழற்றினோம். மோட்டாரில் குறையில்லை. சுவிட்சுக்குப் போகும் இணைப்பில் ஈரம் ஏறிப் பச்சை படிந்திருந்தது. சுத்தம் செய்து காயவைத்துப் பூட்டியதும் கண்ணாடி ஏறியது. அடைபட்டிருந்த துளையைக் கம்பியால் குத்தியபோது ஒரு தேநீர்க் கோப்பைக்கும் அதிகமான கறுப்புத் தண்ணீர் நிலத்தில் கொட்டியது. அந்தக் கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பழுதைத் தேடுவதற்குக் கூலி கொடுக்க யாரும் விரும்பாத இடத்தில், செட்டை மாற்றுவதே அவருக்கு இலகுவான வழி. ஆனால் வாகனக்காரருக்கு அந்த வழியை ஏற்பதா, மறுப்பதா என்று எடைபோடும் அறிவு இருக்கவில்லை. பணம் பறிபோகும் இடம் அதுதான்.

அப்படியொன்றும் கடினமான வேலை அல்ல இது. கதவுக்குள் காற்றுப்பையோ அதன் உணரியோ உள்ள புதிய ரக வாகனமாயின், முதலில் பெட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகளில் கை வைக்கக் கூடாது. பழைய வாகனங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அடுத்து ஆணிகளைத் தேட வேண்டும். கைப்பிடியின் குழிக்குள்ளும், கை வைக்கும் மேடையின் அடியிலும், சிறு பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னாலும் அவை ஒளிந்திருக்கும். கையால் சுற்றும் ஷட்டராயின், பிடியின் பின்னால் வளைந்த கம்பிக் கிளிப் ஒன்று இருக்கும். பிடிக்கும் பலகைக்கும் இடையே ஒரு துணிக் கீற்றை நுழைத்து, சப்பாத்துத் துடைப்பது போல் இப்படியும் அப்படியும் இழுத்தால் அது தானே தெறித்து வரும். அது பறந்து தொலையாமல் மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஆணிகள் போன பின் பலகையைப் பிடித்திருப்பவை ஓரத்துப் பிளாஸ்டிக் கிளிப்புகளே. கீழ் மூலையிலிருந்து தொடங்கி, துணி சுற்றிய தட்டையான கருவியைக் கிளிப்புக்கு மிக அருகில் கொடுத்து ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும். எனவே நுவரெலியாவின் விடியற்காலையில் இந்த வேலை வேண்டாம், வெயில் ஏறட்டும். டொரொன்டோவிலோ ஒஸ்லோவிலோ இதைப் படிப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கிளிப்புகள் விட்டதும் பலகையை முன்னே இழுக்காமல் மேல்நோக்கித் தூக்க வேண்டும், ஏனெனில் அது கண்ணாடி இடைவெளியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவிட்சின் வயரும் லொக்கின் கேபிளும் பின்னால் இருப்பதை மறந்துவிடாமல், அவற்றின் நாக்கை அமத்தி விடுவிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது பொலித்தீன் தாளைக் கட்டாயம் ஒட்டுங்கள். கிழிந்திருந்தால் தடித்த பொலித்தீனை அதே அளவில் வெட்டி, அதன் அடி ஓரம் கதவின் உட்பக்கம் நோக்கி இறங்கும்படி ஒட்டுங்கள். வழியும் தண்ணீர் துளைக்குத்தான் போக வேண்டும், பலகைக்கு அல்ல.

இதை எழுதும்போது நான் பட்ட சிரமம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மேலேயுள்ள இரண்டு பந்திகளை எழுதுவதற்கு, ஒரு தேர்தல் முடிவை அலசுவதைவிட அதிக நேரம் பிடித்தது. சொல் கிடைக்கவில்லை. கராஜ்களில் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் கலந்த வளமான பேச்சு அங்கே உண்டு. ஆனால் அது காதால் கேட்டு வாயால் சொல்லப்படும் மொழி. பாஸ் சொல்வார், உதவிக்கு நிற்கும் பையன் கேட்பான். ஏன் என்று அவன் கேட்டால் பெரும்பாலும் ஒரு முறைப்புத்தான் பதில். இறக்குமதியான பழைய கார்களின் முன் பெட்டியில் கிடக்கும் கைநூலோ ஜப்பானிய மொழியில் இருக்கும். நம் புத்தகக் கடைகளில் சோதிடத்துக்கும் சமையலுக்கும் தட்டுத் தட்டாக நூல்கள் இருக்க, நான் தேடிப் போன கடை எதிலும் வாகனம் திருத்துவது பற்றிய ஒரு தமிழ் நூல் கைக்கு அகப்படவில்லை.

தமிழால் இது முடியாது என்று யாராவது சொன்னால், மானிப்பாயை நினைவூட்டுவேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் தமிழில் நூலாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் மனித உடலைத் திறந்து பார்க்கத் தமிழில் சொல் இருந்தது. 21ஆம் நூற்றாண்டில் ஒரு கார்க் கதவைத் திறந்து பார்க்கச் சொல் இல்லையென்றால், குறை மொழியிலா, எழுதுகிறவர்களாகிய நம்மிலா?

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்பது முதலாவது. இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஒரு குறிப்பிட்ட வாகனத்தில் ஒரு கை என்ன செய்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும். ஆனால் தண்ணீர் உள்ளே வருவது இயல்பு, வெளியேறாமல் நிற்பதே நோய் என்ற காரணத்தை அறிந்தவனுக்கு எந்த வாகனத்தின் கதவும் விளங்கும். காரணத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல எழுத்தே பொருத்தமானது. பரீட்சைக்குப் படிப்பவனுக்கும் எழுத்துத்தான் வேண்டும்.

எல்லோரும் வீட்டிலேயே திருத்தத் தொடங்கினால் கராஜ் பையனின் பிழைப்பு என்னாவது என்பது இரண்டாவது. நியாயமான கேள்விதான். ஆனால் தன் கதவின் உட்புறத்தை ஒருமுறை பார்த்தவர் நல்ல வேலைக்கு மதிப்பளிக்கக் கற்றுக்கொள்கிறார். மூன்று மணித்தியாலம் தேடிப் பழுதைக் கண்டுபிடித்தவனுக்கு அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க அவர் தயங்கமாட்டார். அறியாமையில் நடக்கும் பேரத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று சந்தேகிக்கின்றன.

கை அழுக்காகும் வேலை பிள்ளைக்கு வேண்டாம் என்று தோட்டத்துப் பெற்றோர் நினைப்பதை நான் குறைகூறமாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கைகளை மட்டுமே விலைக்குக் கொடுத்த மக்கள் அவர்கள். ஆயினும் கொழுந்து பறிக்கும் கையும், பழுதைக் கண்டறியும் கையும் சந்தையில் ஒரே விலைக்குப் போவதில்லை. கொழும்பின் கராஜ்களில் நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் உதவியாளராகவே நிற்பதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. திறமையைக் காட்டும் கடதாசி இல்லாமையும் ஒரு காரணம். நம் நாட்டின் தேசிய தொழிற்தகைமை முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. வேலைத்தளத்திலேயே தொழில் கற்றவரின் முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் அதில் இடமுண்டு. இதை அறியாத பையன்கள் எத்தனை பேர்! அறிந்தவர்களுக்கும் தயாராவதற்குத் தமிழில் கையில் பிடித்துப் படிக்க எதுவும் அகப்படுவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. மலையகத்தில் தொழிற்பயிற்சி நடத்துவோர், பயிற்சிக் குறிப்புகளை வகுப்பறையோடு நிறுத்தாமல் படங்களோடு சிறு நூல்களாக வெளியிட வேண்டும். கதவு, பிரேக், பெட்டரி என ஒவ்வொன்றுக்கும் முப்பது பக்கம் போதும். ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் முன்கற்றல் மதிப்பீடு பற்றிய செய்தியை லயங்கள் வரை கொண்டுசெல்ல வேண்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கராஜ் வைத்திருக்கும் நம்மவர்கள், தாம் அறிந்ததில் ஒரு வேலையையாவது தமிழில் எழுதித் தர வேண்டும். பனிக்கு உப்புக் கொட்டும் வீதிகளில் கதவின் அடி எப்படி அரிக்கப்படுகிறது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நடை சரியாக வராதே என்று தயங்க வேண்டாம். திருத்திக் கொடுக்க என்னைப் போன்ற பழைய பத்திரிகைக்காரர்கள் இருக்கிறோம். எங்களுக்கு வேறென்ன வேலை?

அதுவரை வாகனம் வைத்திருப்போர் ஒன்று செய்யலாம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், கதவைத் திறந்து அதன் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். துளைகள் தட்டுப்படும். அடைத்திருந்தால் ஓர் ஈர்க்குக் குச்சியே போதும். பக்கத்தில் உங்கள் பிள்ளை நின்றால் குச்சியை அவர் கையில் கொடுத்து, தண்ணீர் ஏன் அங்கே வந்தது என்பதையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.