காமிராக்காரருக்கும் பரீட்சை வேண்டும்!

அமெரிக்காவில் சிவில் வழக்கு கோர்ட்டுக்கு வரும் முன்பே, சாட்சியை வக்கீல் ஆபீசில் உட்கார வைத்து, சத்தியம் வாங்கி, குறுக்கு விசாரணை செய்கிறார்கள். பல வழக்குகளில் அதை வீடியோவும் எடுக்கிறார்கள். நீதிபதி அங்கே இருப்பதில்லை. காமிராதான் அவருக்குக் கண்!

அதன் வலிமை லேசுப்பட்டதல்ல. 1998-ல் மைக்ரோசாப்ட் வழக்கில் பில் கேட்ஸ் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். கோடீசுவரர் பதில் சொல்லத் தயங்கித் தயங்கி விழித்ததை ஊரே பார்த்தது. வெறும் எழுத்தில் அது தெரிந்திருக்குமா?

படம் பிடிக்கும் தந்திரத்தால் சாட்சியின் முகத்தையோ நடத்தையையோ மாற்றிக் காட்டக்கூடாது என்கிறது மத்திய கோர்ட்டு விதி 30. சபாஷ்! ஆனால் காமிரா பிடிக்கிற ஆசாமி யார்? சுருக்கெழுத்தாளருக்குப் பல மாநிலங்களில் லைசென்ஸ் கட்டாயம். காமிராக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை. கோர்ட் ரிப்போர்ட்டர்கள் சங்கம் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிறது, அதுவும் இஷ்டப்பட்டால்தான். நேற்று வரை கல்யாண வீட்டில் படம் பிடித்தவர் இன்று சாட்சி முன் நிற்கலாம். கூலி கொடுப்பதோ சாட்சியை அழைத்த கட்சி!

அந்தப் பரீட்சையைக் கட்டாயமாக்க வேண்டும். மைக் சரியில்லை என்றால் இன்னொரு நாள் எடுத்துக்கலாம் என்று சொல்ல இது கல்யாணம் அல்ல. சாவுப் படுக்கையில் கிடக்கும் சாட்சியிடமும் இப்படித்தான் வாக்குமூலம் வாங்குகிறார்கள்.